அளவு வேறு, அலுப்பு வேறு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம். எல்லோருமே மூன்றாம் லெவல். பார்பேரியனாக, அதாவது கோடரி வீசும் முரட்டு வீரனாக, ஆடியது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், ஆட்டத்துக்குப் புதியவள். அடுத்தடுத்து மூன்று சண்டைகள். மூன்றிலும் முன்னால் நின்று அடி வாங்கி, அன்றைக்குத் தனக்கு உரிய மூன்று ரேஜையும் (வெறிகொண்டு மோதும் திறமை) செலவழித்து எங்கள் எல்லோரையும் காப்பாற்றினாள். மூன்றாவது சண்டை முடிந்ததும் ஆட்டத்தை நடத்திய டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) தீர்ப்புச் சொன்னார்: “ரேஜ் தீர்ந்துபோச்சு இல்லையா? அப்படின்னா உடம்பு களைச்சிருக்கும். ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன் போட்டுக்கோ.” அடுத்த அறையின் கதவை உடைக்க அவள் தோள் கொடுத்தபோது அந்த எக்ஸாஸ்ஷன், அதாவது விதிப்படியான களைப்பு, குறுக்கே வந்தது. டைஸை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கதவு அசையவில்லை.

அதே மேசையில் விசர்டாக, அதாவது மந்திரவாதியாக, ஆடியவரும் அதற்குள் மந்திரம் போடத் தனக்கு உரிய ஆறு ஸ்பெல் ஸ்லாட்டையும் காலி செய்திருந்தார். அவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. எத்தனை முறை என்ற கணக்கே இல்லாத ஃபயர் போல்ட் மந்திரத்தை விரல் நுனியிலிருந்து வீசிக்கொண்டு உற்சாகமாக நடந்தார். நான் ஆட்சேபித்தேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எனக்கே சமாதானம் சொன்னார்கள்: “லாஜிக்கா பார்த்தா சரிதானே?”

சரியில்லை. ஒரு திறமைக்கு ‘ஒரு நாளைக்கு இத்தனை முறை’ என்று விதிப்புத்தகம் அளவு வைத்தால், அந்த அளவு தீர்வதும் உடம்பு களைப்பதும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை மேசைக்கு மேசை பரவிக் கிடக்கிறது. அதற்கு லாஜிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சோம்பல்படுகிறவர்களின் ஊகத்துக்கு இவ்வளவு மரியாதையான பெயர் தேவையில்லை.

இந்த நம்பிக்கையை உடைக்க ஒரே ஒரு ஆள் போதும். 2003இல் வந்த 3.5 பதிப்பின் 17ஆம் லெவல் பார்பேரியன். அந்தப் பதிப்பில் ரேஜ் முடிந்ததும் பார்பேரியனுக்கு நிஜமாகவே களைப்பு வரும். புத்தகமே எழுதி வைத்திருக்கிறது: வலிமையில் 2 குறையும், சுறுசுறுப்பில் 2 குறையும், ஓட முடியாது, பாய்ந்து தாக்க முடியாது. அந்தச் சண்டை முடியும் வரை அந்தக் களைப்பு இருக்கும். சரி, அவன் 17ஆம் லெவலை எட்டுகிறான். ‘டயர்லெஸ் ரேஜ்’ என்ற திறமை கிடைக்கிறது. அன்றிலிருந்து ரேஜ் முடிந்தால் களைப்பே கிடையாது. அப்படியானால் அவன் நாள் முழுக்க ரேஜ் செய்யலாமா? முடியாது. நாளைக்கு ஐந்து முறை என்ற அளவு அப்படியே இருக்கிறது.

களைப்பு போய்விட்டது, அளவு போகவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? களைப்பால்தான் அளவு வந்தது என்றால், களைப்பை நீக்கிய அதே வரியில் அளவையும் அல்லவா நீக்கியிருப்பார்கள்? உடல்வலு 18 உள்ள ஒருவன் அந்த லெவலில் ரேஜ் செய்தால் அது பத்து ரவுண்ட் நீடிக்கும். ஒரு ரவுண்ட் ஆறு விநாடி. பத்து ரவுண்டுக்கு ஒரு நிமிடம். ஐந்து ரேஜும் சேர்ந்தால் ஐந்து நிமிடம். பூதங்களோடும் டிராகன்களோடும் மோதுகிற, களைப்பே இல்லை என்று புத்தகம் எழுதிக் கொடுத்த ஒருவன், ஐந்து நிமிட உழைப்பில் மறுநாள் வரை சோர்ந்து விழுகிறான் என்று நம்பச் சொல்கிறீர்களா?

களைப்பு வேண்டும் என்று நினைத்த இடங்களில் இந்த ஆட்டங்களை எழுதியவர்கள் அதைத் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். 1981இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் தொகுப்பைப் பாருங்கள். சுரங்கத்துக்குள் ஆறு டர்னுக்கு ஒரு டர்ன் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு டர்ன் பத்து நிமிடம். ஓய்வெடுக்காவிட்டால் அடிக்கும் டைஸிலும் சேதத்திலும் 1 குறையும். அதுதான் களைப்பு. நடந்தவர் எல்லோருக்கும் அது உண்டு, மந்திரவாதியான மேஜிக்-யூசருக்கும் உண்டு. அவருடைய ஸ்பெல் எண்ணிக்கைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பில் எக்ஸாஸ்ஷனுக்கு ஆறு படிகள். ஆறாவது படி மரணம். பெர்சர்க்கர் என்ற வகைப் பார்பேரியன் ‘ஃப்ரென்சி’ என்ற கூடுதல் வெறியை எடுத்தால் முடிவில் ஒரு படி எக்ஸாஸ்ஷன் என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருந்தது. 2024 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். சாதாரண ரேஜுக்கு எந்தப் படியும் எழுதவில்லை. மறந்துவிட்டார்களா? இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவைத்தான் எங்கள் டிஎம் ஒரே வாக்கியத்தில் அழித்தார்.

நிஜமாகவே களைப்பை மையமாக வைத்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்டீவ் ஜாக்சன் 1986இல் வெளியிட்ட கர்ப்ஸை எடுத்துப் புரட்டட்டும். அதன் நான்காம் பதிப்பில் பத்து விநாடிக்கு மேல் நீளும் சண்டைக்கே களைப்புப் புள்ளி செலவாகும். சுமை கூடினால் செலவும் கூடும். மந்திரமும் அதே புள்ளியிலிருந்துதான் எடுக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு புள்ளி திரும்பும். களைப்பின் இயல்பு இதுதான். உடம்பு ஒன்று, அதன் இருப்பும் ஒன்று. மலை ஏறினாலும் வாள் சுழற்றினாலும் மந்திரம் சொன்னாலும் அந்த ஒரே இருப்புதான் குறையும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தின அளவுகள் அப்படி இல்லை. ஒரு திறமை தீர்ந்தாலும் பக்கத்துத் திறமை முழுசாக இருக்கிறது. ‘பார்த்தீர்களா, எவ்வளவு அபத்தம்’ என்று இதைத்தான் காட்டிக் கேட்கிறார்கள். களைப்பு என்று நீங்களாக ஒரு பெயரை ஒட்டினீர்கள். அது பொருந்தவில்லை என்று தெரிந்ததும் ஆட்டத்தைக் குறை சொல்கிறீர்கள். ஒட்டிய பெயரைக் கிழித்துப் போடுங்கள், அபத்தம் தானாகப் போய்விடும்.

பிறப்பிலேயே இந்த அளவுக்குக் களைப்போடு சம்பந்தம் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் பதிப்பை வெளியிட்டபோது, மந்திரவாதிக்கான விதியின் கருவை ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தார்கள். வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ 1950இல் வந்த நூல். அதில் மந்திரவாதி சில மந்திரங்களை மனத்துக்குள் ஏற்றிக்கொள்வான். ஒன்றைச் சொன்னதும் அது மனத்தை விட்டு அகன்றுவிடும். மறுபடி ஏட்டைத் திறந்து ஏற்ற வேண்டும். அவன் மூச்சு வாங்கவில்லை, அவனுக்கு மந்திரம் மறந்துவிட்டது. தின அளவின் மூதாதை இதுதான். இந்த வம்சாவளியில் களைப்பு எங்கே வந்து நுழைந்தது?

பிறகு அளவு எதற்கு? ஆடுகிறவர் யோசிப்பதற்கு. பெரிய ஆயுதத்தை இப்போது எடுப்பதா, அடுத்த அறைக்கு வைத்துக்கொள்வதா என்று மேசையில் ஒருவர் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்புதான் ஆட்டம். ஒருவரே எல்லா மேடையையும் பிடித்துக்கொள்ளாமல் நாலு பேருக்கும் ஒரு கணம் கிடைக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்கிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒருநாள் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்குப் பத்து ஓவர், டி20இல் நான்கு ஓவர், டெஸ்டில் அளவே இல்லை. அதே ஆள், அதே தோள். நான்காவது ஓவர் முடிந்ததும் பும்ராவுக்குக் கை வலிக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா? விதி அப்படி என்று கேப்டன் அடுத்தவர் கையில் பந்தைக் கொடுக்கிறார். எந்த ஓவரை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கேப்டனின் மூளை தெரிகிறது.

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது வாள்வீரனான ஃபைட்டருக்கும் நாளைக்கு ஒரு முறை மட்டுமே எடுக்கக்கூடிய பெரிய அடிகள் கிடைத்தன. உடனே கூச்சல் கிளம்பியது. மந்திரவாதிக்கு நாளைக்கு ஒன்று என்றால் புரிகிறது, வாள் வீசுகிறவனுக்கு என்ன தடை, மத்தியானம் அவன் வாள் வீச மறந்துவிடுவானா என்று கேட்டார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். இதற்கான பதிலை 1979இலேயே கைகாக்ஸ் தன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைய அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு ரவுண்ட் என்பது ஒரு முழு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் வீரன் பலமுறை வீசுகிறான், தடுக்கிறான், ஏமாற்றுகிறான், விலகுகிறான். டைஸ் உருட்டுவது, உண்மையாகவே அடி விழ வாய்ப்புள்ள அந்தச் சில வீச்சுகளுக்காக மட்டும்.

தின அளவையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஃபைட்டர் தன் பெரிய அடியை எல்லாச் சண்டையிலும் முயல்கிறான். எதிரியின் கேடயம் தாழ்ந்து, கால் வழுக்கி, கழுத்து திறந்து கிடக்கும் கணம் நாளில் ஒருமுறைதான் வாய்க்கிறது. அந்தக் கணம் எது என்று தீர்மானிக்கும் உரிமையை விதி ஆடுகிறவரிடம் கொடுத்திருக்கிறது. மறுபடியும் அதே அடியை முயலலாமா என்று கேட்டால், தாராளமாக முயலலாம். சாதாரண டைஸ் உருட்டலே அந்த முயற்சிதான். இந்த முறை எதிரி சுதாரித்துக்கொண்டான். இப்படிச் சொல்லத் தெரிந்த டிஎம்மின் மேசையில் சண்டைக்கு உயிர் வருகிறது. ‘நீ களைச்சுட்டே’ என்று சொல்கிற டிஎம்மின் மேசையில் வருவது கழித்தல் கணக்கு மட்டும்தான்.

களைப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் அடி தாங்கும் அளவைக் காட்டும் ஹிட் பாயின்ட்டைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? எண்பது ஹிட் பாயின்ட்டில் எழுபத்தொன்பது போன ஒருவன், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு காலையில் வீசிய அதே வேகத்தில் வாள் வீசுகிறான். அவன் கை தளராதா? தளராது என்று ஒப்புக்கொண்டுதான் ஐம்பது வருஷமாக ஆடுகிறோம். ஹிட் பாயின்ட் என்பது சதையின் அளவு மட்டுமல்ல. திறமை, அதிர்ஷ்டம், தெய்வத்தின் துணை எல்லாம் அதில் அடக்கம் என்று கைகாக்ஸ் அதே 1979 நூலில் விளக்கியிருக்கிறார். அங்கே உடம்பைத் தாண்டி யோசிக்க முடிகிறது, ரேஜ் என்று வந்ததும் மட்டும் ஏன் எல்லோரும் உடற்கூறு வல்லுநர்களாகிவிடுகிறார்கள்?

காரணம் எனக்குத் தெரியும். யதார்த்தம் என்ற சட்டம் வாளும் கோடரியும் ஏந்துகிறவர்கள் மேல் மட்டும்தான் பாய்கிறது. விசர்ட் பறந்தால் மந்திரம். ஃபைட்டர் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தால் ‘மனுஷனால் முடியுமா’ என்ற விசாரணை. விசர்ட் கேட்டதெல்லாம் நடக்கிறது, ஃபைட்டர் கேட்பதற்கெல்லாம் சான்றிதழ் வேண்டும். முன்வரிசையில் நின்று அடி வாங்குகிறவனுக்கே தண்டனை என்றால், அந்த இடத்துக்கு இனி யார் வருவார்கள்? புதிதாக ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த எளிய பாத்திரங்களைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அவர்களைத்தான் முதலில் நோகடிக்கிறோம்.

இன்னொரு கேடும் இதே வேரிலிருந்துதான் முளைக்கிறது. அளவு தீர்ந்தால் களைப்பு என்று நம்பும் குழு, முதல் சண்டை முடிந்ததுமே படுக்கையை விரிக்கிறது. கோட்டைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் சண்டை, பிறகு எட்டு மணி நேரம் லாங் ரெஸ்ட், அதாவது அளவுகள் திரும்ப நிரம்பும் நீண்ட ஓய்வு. சிறைப்பட்ட இளவரசி இன்னும் ஒரு இரவு காத்திருக்க வேண்டியதுதான். டிஎம் புலம்புகிறார். களைத்தவன் தூங்குவான் என்று அவர்தானே கற்றுக்கொடுத்தார்? ராப் ஹைன்சூவும் ஜொனாதன் ட்வீட்டும் 2013இல் கொண்டுவந்த ‘13த் ஏஜ்’ ஆட்டம் இந்தக் குழப்பத்தை ஒரே விதியில் முடித்தது: நான்கு சண்டைக்கு ஒருமுறை எல்லாம் நிரம்பும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும். ஒருவர் நான்காம் பதிப்பை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், மற்றவர் மூன்றாம் பதிப்பின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். தின அளவு ஆட்டத்தின் தாளத்துக்காக வைத்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தூக்கத்திலிருந்து அதைக் கழற்றி எடுத்தார்கள். ஆட்டம் ஒன்றும் உடைந்துவிடவில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பாதி வீடியோ கேமிலிருந்து. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. ஓடினால் குறையும், நின்றால் நிரம்பும். அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்த கண்கள் எங்கே பார்த்தாலும் அதையே தேடுகின்றன. மீதிப் பாதி, பிறர் ஆடுவதை வீடியோவில் பார்த்துவிட்டு விதி தெரியும் என்று நினைத்துக்கொள்வதிலிருந்து. நடிப்பில் தேர்ந்தவர்கள் கேமரா முன்னால் மூச்சு வாங்கிக் காட்டுவார்கள். அது அவர்கள் பாத்திரத்துக்குக் கொடுக்கும் வண்ணம். அதை விதி என்று எடுத்துக்கொண்டு அடுத்தவர் தாளில் எண்ணைக் குறைக்கிறவர்கள், ஒரு முறையாவது புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வாசித்திருக்க வேண்டாமா? பாத்திரம் சோர்ந்துவிட்டதாக ஆடுகிறவரே விரும்பிச் சொன்னால் அழகு. டிஎம் அதைத் திணித்து எண்ணில் கை வைத்தால் அநியாயம்.

17ஆம் லெவல் பார்பேரியனை இன்னும் ஒருமுறை கூப்பிடுகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கைக்காரர்கள் யாரும் அவனுக்குப் பதில் சொன்னதில்லை. அவனுக்குக் களைப்பு இல்லை என்று புத்தகம் சொல்கிறது. அவனுக்கு அளவு உண்டு என்றும் அதே புத்தகம் சொல்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்கிறவர் அந்த இரண்டில் ஒரு வரியை அடித்துவிட்டுத்தான் பேச முடியும்.

ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. களைப்பு பிடிக்கும் என்றால், முதல் நாளே மேசையில் சொல்லிவிட்டு எல்லோருக்கும் பொதுவான களைப்பு விதியைக் கொண்டுவாருங்கள். கோடரிக்காரனுக்கு எத்தனை படியோ, ஆறு ஸ்லாட்டையும் கொட்டிய விசர்டுக்கும் அத்தனை படி போடுங்கள். அதற்குத் துணிவில்லை என்றால், புத்தகம் எக்ஸாஸ்ஷன் என்று எழுதிய இடத்தில் மட்டும் எக்ஸாஸ்ஷன் கொடுங்கள். ஆடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: டிஎம் நடுவில் புதுத் தண்டனை கண்டுபிடித்தால் தலையாட்டாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.