காமாலையா? கீழாநெல்லிக்கு முன்னால் ரத்தச் சோதனை!

மழை விட்டு நாலு நாள் ஆனால் போதும். அயனம்பாக்கம் ஏரிக்கரை, காலி மனை, தெருவோரம் என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய். இனாம் சரக்கு!

யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டதா? பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் டாக்டர்தான். "வேரோடு பிடுங்கு, மோரில் அரைச்சுக் குடி, எண்ணெய்ப் பண்டம் தொடாதே!" ஆளும் குடிக்கிறார். மூணு நாலு வாரத்தில் எழுந்து வேலைக்கும் போய்விடுகிறார். இலைக்கு நல்ல பெயர். எழுந்திருக்காத ஆளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை!

குணமாக்கியது யார்?

காமாலை என்பது ஒரே வியாதி அல்ல. கல்லீரல் கெட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். கெடுத்தது யார் என்பது தனிக் கேஸ்.

சாக்கடை கலந்த தண்ணீரில் வருவது ஏ, ஈ வைரஸ்கள். இவை வந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் உடம்பே சரிசெய்துகொள்ளும். இலை குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி. ஆனால் கர்ப்பிணிக்கு ஈ வைரஸ் வந்தால் உயிருக்கே ஆபத்து. பி, சி வைரஸ்கள் ரத்தம் வழியாக வருபவை. பி-க்கு இன்னும் வழி உண்டு: பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, உடலுறவில், அடுத்தவர் சவரம் செய்த பிளேடில். இவை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்து கல்லீரலைச் சுருக்கிவிடும். சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

கண்ணைப் பார்த்து எந்த வைரஸ் என்று சொல்ல எந்தப் பாட்டியாலும் முடியாது. ரத்தம்தான் சொல்லும்.

தரமணியில் நடந்த சோதனை

அப்படியானால் கீழாநெல்லி வெறும் கட்டுக்கதையா? அதுவும் இல்லை. உலகமே திரும்பிப் பார்த்த சோதனை நம்ம சென்னையில் நடந்திருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர் எஸ்.பி. தியாகராஜன். பின்னாளில் துணைவேந்தராகவும் ஆனவர். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர் புளூம்பெர்க்கும் இவரோடு சேர்ந்தார். பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள். இன்னொரு கூட்டத்துக்கு வெற்றுப் பொடி.

1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணாமல் போயிருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1994-ல் நியூசிலாந்திலும் பலிக்கவில்லை. வளர்கிற மண்ணும் பறிக்கிற காலமும் மாறினால் செடியின் குணமும் மாறும் என்று ஒரு வாதம் உண்டு. இருந்தாலும் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் அமைப்பு, 2011-ல் உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

நம்ம ஊர்ச் சோதனை என்பதற்காக 1988-ஐ மட்டும் பேசிவிட்டு 1990-ஐ மறைத்தால் அது நியாயம் இல்லை.

எலி டாஸ்மாக் போவதில்லை!

இந்தக் கீரை கல்லீரலைக் காக்கும், அந்தப் பழம் காக்கும் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதில் பாதிக்கு மேல் எலிக் கதைதான். எலிக்கு விஷ ரசாயனம் கொடுத்துக் கல்லீரலைக் கெடுப்பார்கள். கூடவே சாறும் கொடுப்பார்கள். சேதம் குறைந்தால் வெற்றி. அது முதல் படிதான். ராத்திரி குவார்ட்டர், காலையில் கீழாநெல்லி என்று கணக்குப் போடுகிறவர் கவனிக்கணும்: எலி இருபது வருஷமாகத் தினம் டாஸ்மாக் வாசலில் நிற்பதில்லை. குடியால் கெட்ட கல்லீரலுக்கு முதல் மருந்து குடியை நிறுத்துவது!

'இயற்கைதானே, என்ன பண்ணும்?' என்பதும் தப்பு. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட 6 பேரைப் பற்றி 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் அமெரிக்காவில் எழுதினார்கள். சாம்பாரில் போடுகிற சிட்டிகை மஞ்சள் வேறு, சத்தைப் பிழிந்து அடைத்த மாத்திரை வேறு.

நல்ல சேதியும் ஒன்று உண்டு. பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரை வருஷக்கணக்கில் கவனித்து 2021-ல் வெளியிட்டார்கள். காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாம். காபிதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டால் கணக்கு வேறு. தொப்பையும் சர்க்கரையும் ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும்.

செய்ய வேண்டியது

கண் மஞ்சளானால் முதல் நாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2018-ல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தில் பி, சி வைரஸ்களுக்குச் சோதனையும் மருந்தும் இலவசம். சி வைரஸை மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போட்டாச்சா என்று கேளுங்கள். கீழாநெல்லி குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இன்னொரு பொறுப்பு அதிகாரிகளுடையது. 1955-ல் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எங்கே குழாயில் நாற்றத் தண்ணீர் வந்தாலும் அதே ஆபத்துதான். புகார் வந்த அன்றே தண்ணீரைச் சோதித்துக் குழாயை அடைக்கணும். ஏரிக்கரையில் கீழாநெல்லி தானாக முளைக்கும். சுத்தமான குடிநீர் தானாக வராது!