வலஞ்சுழியும் வலது மூளையும்

சுழன்றாடும் பெண்ணொருத்தியின் கரிய நிழலுருவைக் காட்டி, அவள் வலஞ்சுழியாகச் சுற்றுவதாகத் தோன்றினால் பார்ப்பவர் வலது மூளை ஓங்கியவர், கற்பனையும் உணர்ச்சியும் மிக்கவர் என்றும், இடஞ்சுழியாகத் தோன்றினால் இடது மூளை ஓங்கியவர், தருக்கமும் கணக்கும் கைவரப் பெற்றவர் என்றும் தீர்ப்பளிக்கும் செய்தி ஒன்று, 2007-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாளேடு ஒன்றில் மூளைச் சோதனை என்ற பெயரில் வெளிவந்தது முதல் ஓயாமல் உலகைச் சுற்றி வருகிறது. அதன் ஒரு வரிகூட இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை; ஆயினும் ஆளுமைப் பயிற்சி வகுப்புகளிலும் கைபேசிக் குழுக்களிலும் அறிவியலின் முடிந்த முடிவுபோலவே அது இன்றும் கைமாறுகிறது. ஒரு பொய் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தமின்றி உலவுவது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

அந்த அசைபடத்தை 2003-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் நொபுயுகி கயஹாரா என்னும் ஜப்பானிய வடிவமைப்பாளர். மூளையை அளக்கும் கருவியாக அவர் அதைச் செய்யவில்லை. அந்தப் பொருளைப் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் ஏற்றினார்கள். படத்தில் ஒரு பெண் ஒற்றைக் காலை ஊன்றி, மற்றொரு காலை நீட்டி, தன்னைத்தானே சுற்றுகிறாள். உருவம் முழுவதும் ஒரே கருமையால் நிரப்பப்பட்டிருப்பதால், முகம் இப்பக்கம் இருக்கிறதா அப்பக்கம் இருக்கிறதா என்று சொல்லும் கண்ணோ மூக்கோ, ஒளி எங்கே விழுகிறது என்று காட்டும் நிழற்சாயலோ, நீட்டிய கால் உடலுக்கு முன்னால் கடக்கிறதா பின்னால் கடக்கிறதா என்று அறிவிக்கும் விளிம்புக்கோடோ எதுவும் அதில் இல்லை. ஒரு பொருள் எவ்வளவு அருகில் அல்லது தொலைவில் இருக்கிறது என்று கண்ணுக்கு உணர்த்தும் இத்தகைய அடையாளங்களை ஆழக்குறிப்புகள் என்பர். அவற்றை நீக்குவதே அந்தப் படத்தின் கலை.

ஆழக்குறிப்புகள் நீங்கியபின் எஞ்சுவது, தட்டையான திரையில் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மாறிமாறிச் செல்லும் ஒரு கரிய வடிவம் மட்டுமே. நீட்டிய கால் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அது பார்ப்பவருக்கு அருகிலுள்ள பக்கத்தில் செல்வதாகக் கொண்டால் சுழற்சி இடஞ்சுழியாகிறது. தொலைவிலுள்ள பக்கத்தில் செல்வதாகக் கொண்டால் அதே அசைவு வலஞ்சுழியாகிறது. இரண்டில் எது உண்மை என்ற கேள்விக்குப் படத்துக்குள் விடையே கிடையாது. ஒரே உருவம் இருவேறு வகையாகக் காணப்படுவதற்கு இடந்தரும் இத்தகைய படங்களை இருநிலைத் தோற்றங்கள் என்று பார்வை உளவியல் வகைப்படுத்துகிறது. அவற்றின் வரலாறு அந்த நாளேட்டை விட மிகப் பழையது. 1832-இல் சுவிட்சர்லாந்தின் படிகவியலறிஞர் லூயி ஆல்பர்ட் நெக்கர், கோடுகளால் வரைந்த படிக உருவம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பின்னாகப் புரள்வதைப் பதிவு செய்தார். 1860-இல் ஜெர்மனியின் சின்ஸ்டெடன் என்னும் அறிஞர், மங்கிய மாலை வானத்தின் முன் கருநிழலாகத் தெரிந்த காற்றாலையின் இறக்கைகள் தம் சுழற்சித் திசையை மாற்றிக்கொள்வதாகத் தோன்றியதை எழுதிவைத்தார். இன்றைய நடனப் பெண் அந்தக் காற்றாலையின் வழித்தோன்றல்தான். காற்றாலை திசை மாறித் தெரிந்தபோது சின்ஸ்டெடன் அதைத் தம் ஆளுமையின் அடையாளமாகக் கொள்ளவில்லை. பார்வையில் ஏதோ நிகழ்கிறது என்று சரியாகவே உணர்ந்தார்.

பெரும்பான்மையோர் வலஞ்சுழியாகவே காண்கிறார்கள் என்பதால் அந்தத் திசைக்கு மூளையில் ஏதோ ஒரு வேர் இருக்கத்தான் வேண்டும் என்று அச்சோதனையைக் காப்பவர்கள் வாதிடுகிறார்கள். முதலில் வெளியான குறிப்போ பெரும்பாலோர் இடஞ்சுழியாகக் காண்பர் என்று அறிவித்திருந்தது. தன் சோதனையின் விளைவையே தலைகீழாகச் சொன்ன குறிப்பு அது. எனினும் வலஞ்சுழிச் சாய்வு உண்மையானது. அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில்தான் வலது மூளைக் கதை முற்றாக உடைகிறது.

மேலிருந்து பார்த்தல், கீழிருந்து பார்த்தல் என்ற வேறுபாட்டை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். கூரையில் தொங்கும் மின்விசிறி, அதன் கீழே படுத்திருப்பவருக்கு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதே விசிறியைக் கூரைப்பக்கமிருந்து காண முடியுமானால் அது வலஞ்சுழியாகவே சுற்றும். விசிறி மாறவில்லை, பார்ப்பவரின் இடம் மாறியது. கயஹாராவின் படத்தில் நீட்டிய காலின் நுனி திரையில் வரைவது நேர்க்கோடு அன்று. சற்றே நசுங்கிய நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தின் கீழ்ப்பாதியைக் கால் வலமிருந்து இடமாகக் கடக்கிறது, மேற்பாதியை இடமிருந்து வலமாகக் கடக்கிறது. பார்ப்பவர் அவளைச் சற்று மேலிருந்து காண்பதாகக் கண் கொண்டுவிட்டால், கீழ்ப்பாதி அருகிலுள்ள பக்கமாகிறது. தரையில் வைத்த தட்டை மேலிருந்து பார்க்கும்போது அதன் அருகு விளிம்பு கீழே தெரிவதுபோல. அப்போது அருகிலுள்ள பக்கத்தில் கால் வலமிருந்து இடமாகச் செல்கிறது, சுழற்சி வலஞ்சுழியாகிறது. மாறாக, அவளைக் கீழிருந்து அண்ணாந்து காண்பதாகக் கண் கொண்டால், அதே கீழ்ப்பாதி தொலைவுப் பக்கமாகி, அதே அசைவு இடஞ்சுழியாகிவிடுகிறது. ஆகவே இந்தப் படத்தில் கண் தேர்ந்தெடுப்பது திசையை மட்டுமன்று. தான் நிற்கும் உயரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது, உயரம் முடிவானால் திசை தானாக முடிவாகிறது.

மனிதக் கண் மேலிருந்து பார்ப்பதையே விரும்பித் தேர்வதற்குக் காரணம் தேடி மண்டையோட்டுக்குள் வலம் இடம் என்று அலைய வேண்டியதில்லை. நிற்பவரின் கண் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. குடம், கட்டில், நாற்காலி, முற்றத்தில் மேயும் கோழி, திண்ணையில் விளையாடும் குழந்தை என்று அன்றாடம் அது காணும் பொருள்களில் மிகப் பலவும் அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் பொருள்களின் மேற்பரப்பைக் கண்டு பழகிய பார்வை, ஐயம் நேரும்போது பழகிய பக்கமே சாய்கிறது. நெக்கரின் கோட்டுருவிலும், கனசதுரத்தை மேலிருந்து காண்பதாகத் தோன்றும் நிலையே மிகுதியாக வெல்கிறது. அங்கே சுழற்சியே இல்லை, வலஞ்சுழியும் இல்லை. கனடாவில் பணியாற்றிய நிக்கோலாஸ் டிரோயே என்னும் அறிஞர் தம் உடனாய்வாளருடன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, கயஹாராவின் நிழலுருவை நேராக எடுத்துக்கொண்டு, அதன் வலஞ்சுழிச் சாய்வு இந்த மேற்பார்வை விருப்பத்திலிருந்தே பிறக்கிறது என்று காட்டியது.

இதிலிருந்து விளையும் ஒன்றை அச்சோதனையைப் பரப்பும் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த அசைபடத்தை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியில் காட்டினால் இடமும் வலமும் இடம் மாறுகின்றன. நீள்வட்டத்தின் கீழ்ப்பாதியைக் கால் இப்போது இடமிருந்து வலமாகக் கடக்கிறது. மேலிருந்து பார்க்கும் அதே விருப்பம் இப்போது இடஞ்சுழியைத் தருகிறது. கண்ணாடிக்கு இப்பால் கற்பனை மிக்கவராக இருந்த பெரும்பான்மை, கண்ணாடியைப் பார்த்த நொடியில் கணக்கில் தேர்ந்ததாக மாறிவிட வேண்டும் என்றே அந்தச் செய்தியின் தருக்கம் கட்டளையிடுகிறது. ஒரு மனிதரின் இயல்பை அளப்பதாகச் சொல்லும் அளவுகோல், சுவரில் தொங்கும் கண்ணாடி ஒன்றால் தலைகீழாகிறது என்றால், அது மனிதரை அளக்கவே இல்லை. படம் எடுக்கப்பட்ட கோணத்தை அளக்கிறது.

தமிழில் இந்தக் குழப்பம் வேரூன்றுவதற்குச் சொல்லே துணைபோகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். வலஞ்சுழி என்ற சொல்லிலும் வலது மூளை என்ற தொடரிலும் ஒரே ‘வல’ ஒலிப்பதால், இரண்டுக்கும் ஏதோ உறவு உண்டு என்று செவி நம்பிவிடுகிறது. வலஞ்சுழி என்பது, கோயிலை வலம் வருபவர் கருவறையைத் தம் வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றும் திசை. மண்டையோட்டின் வலப்பாதிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உடற்கூறும் அச்சோதனைக்கு இடந்தருவதில்லை. வலக்கண் வலது மூளைக்கும் இடக்கண் இடது மூளைக்கும் செய்தி அனுப்புவதாகப் பலர் எண்ணுகிறார்கள், அது பிழை. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஓரிடத்தில் கூடி, பாதி இழைகள் பக்கம் மாறிச் செல்வதால், பார்வைப் புலத்தின் இடப்பாதி முழுவதும் வலது அரைக்கோளத்தையும், வலப்பாதி முழுவதும் இடது அரைக்கோளத்தையும் அடைகிறது. நடனப் பெண்ணின் நடுவே கண்ணை நிறுத்தியவருக்கு அவள் எந்தத் திசையில் சுற்றினாலும் அவளுடைய இடப்புறம் ஒரு பாதிக்கும் வலப்புறம் மறுபாதிக்கும் செல்கிறது. ஒரு திசையை ஒரு பாதிக்கு மட்டும் ஒதுக்கித் தரும் வழி எதுவும் இல்லை. அசைவை உணர்வதற்குரிய எம்.டி. என்னும் பகுதியும் இரண்டு பாதிகளிலும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கிறது. சுழலும் உருளையாகத் தோன்றும் புள்ளிக்கூட்டத்தைக் குரங்குகளுக்குக் காட்டி 1998-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், திரையிலுள்ள படம் மாறாதபோதும், குரங்கு உணர்ந்த திசைக்கேற்ப அப்பகுதியின் நரம்பணுக்கள் தம் துடிப்பை மாற்றிக்கொண்டது கண்டறியப்பட்டது. திசைத் தேர்வு அத்தகைய நரம்பணுக்களின் போட்டியில் நிகழ்கிறது. அரைக்கோளங்களின் போட்டியில் அன்று.

ரோஜர் ஸ்பெரி 1981-இல் நோபல் பரிசு பெற்றதையும் அச்சோதனையினர் துணைக்கு அழைக்கிறார்கள். அவர் ஆராய்ந்தவர்கள் கடும் வலிப்பு நோய்க்காக, இரு அரைக்கோளங்களையும் பிணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றை அறுவையால் துண்டிக்கப்பட்டவர்கள். ஏறத்தாழ 20 கோடி இழைகள் கொண்ட அந்தக் கற்றை துண்டிக்கப்படாத மனிதருக்கு இரண்டு பாதிகளும் இடையறாது பேசிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,011 பேரின் மூளைப் படிமங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவிலும், முழுமையாக இடது மூளை ஓங்கியவர், வலது மூளை ஓங்கியவர் என்ற பிரிவுக்குச் சான்று கிடைக்கவில்லை. பெரும்பாலோருக்கு மொழி இடப்பாதியைச் சார்ந்தது என்பது மெய். அந்த மெய்யிலிருந்து இந்தச் சோதனைக்குப் பாலம் கிடையாது.

எப்போது பார்த்தாலும் தமக்கு ஒரே திசைதான் தெரிகிறது, ஆகவே அது தம் இயல்பே என்று சொல்பவர்களுக்கும் விடை உண்டு. இருநிலைத் தோற்றம் ஒன்றை இடைவிட்டு இடைவிட்டுக் காட்டினால், முன்பு கண்ட நிலையையே பார்வை மீண்டும் மீண்டும் கைக்கொள்கிறது என்பது 2002-இல் நிறுவப்பட்டது. அது ஆளுமையின் உறுதியன்று, பார்வையின் நினைவு. திசையை விரும்பியபடி மாற்ற முடிந்தால் நுண்ணறிவு ஈவு 160-க்கு மேல் என்று சேர்க்கப்பட்ட வால், மறுக்கவும் தகுதியற்றது.

மூளைக்கு வரும் செய்தி எப்போதும் குறையுடையது. குறையை முன்னனுபவத்தால் இட்டுநிரப்பியே அது உலகைக் காண்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் இதை உணர்வறியா அனுமானம் என்றார். நாம் அறியாமலே கண் எட்டும் முடிவு என்பது அதன் பொருள். அந்த அனுமானத்தின் போக்கை ஆராய்வதற்குக் கயஹாராவின் படம் அருமையான வாயில். அதைக் காட்டி ஒரு பிள்ளையிடம் உனக்குக் கணக்கு வராது என்றோ கவிதை வராது என்றோ சொல்லும் ஆசிரியரும் பெற்றோரும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். நிழலுருவின்மேல் எந்தக் கால் முன்னே கடக்கிறது என்று காட்டும் மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்றை வரைந்துவிட்டால், கவிஞரும் கணக்கரும் அவளை ஒரே திசையில் சுழலக் காண்கிறார்கள்.