கேஸ்கெட் மட்டும் மாத்தினா போதுமா?

நாக்பூர் வந்து ஆறு வருஷமாச்சு. எங்க கிளையில கடன் வாங்கின ஒருத்தர், பழைய டீசல் பிக்கப்புல ஆரஞ்சு ஏத்துறவர். ரெண்டு தவணை வரலை. நேர்ல போனா, வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்குது. மூணு மாசத்துல ரெண்டாவது தடவையா ஹெட் கேஸ்கெட் போயிடுச்சாம். தண்ணி கலந்து, ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தது.

முதல் தடவை வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாத்தியிருக்காங்க. காசு மிச்சமாம்! பெரும்பாலும் எஞ்சின் சூடேறித்தான் கேஸ்கெட் போகுது. அதே சூட்டுல ஹெட்டும் வளைஞ்சிருக்கலாம். ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வச்சுப் பார்த்து, வளைஞ்சிருந்தா பேஸிங் பண்ணணும். ஏன் சூடேறுச்சுன்னு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் பார்க்கணும். ஹெட் போல்ட்டைக் கம்பெனி சொன்ன வரிசையில, டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் முறுக்கணும்.

நான் பி.காம். ஆளு, மெக்கானிக் இல்லை. ஆனா கணக்குத் தெரியும். கேஸ்கெட் விலை கொஞ்சம்தான். கழட்டி மாட்டுற கூலிதான் பெருசு. அதை ரெண்டு தடவை கொடுக்கறது மிச்சமா? சீசன்ல வண்டி நின்ன நாளெல்லாம் எந்தக் கணக்குல வரும்?

எங்க வங்கி ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். ஜப்தி நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி, முழு ரிப்பேருக்கு ஒரு சின்னக் கடன் கொடுங்க. ஓடுற வண்டிதாங்க தவணை கட்டும்.