சூரன் எங்கே போனான்?

காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் இடையே இருக்கிறது குமரகோட்டம். பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் நேரமிருந்தால் எட்டிப் பார்க்கும் முருகன் கோயில். ஆனால், நன்மைக்கும் தீமைக்கும் நடந்த சண்டையை மிக விரிவாகச் சொல்லும் தமிழ் நூல்களில் ஒன்றான கந்தபுராணம் பிறந்த இடம் இதுதான்.

பாடியவர் இக்கோயிலின் அர்ச்சகர் கச்சியப்ப சிவாச்சாரியார். 6 காண்டங்கள், 10,000-க்கும் அதிகமான பாடல்கள். பகலில் எழுதிய ஏட்டை இரவில் சந்நிதியில் வைத்துப் பூட்டுவார். காலையில் முருகனே திருத்தி வைத்திருப்பான் என்பது ஐதீகம்.

‘முருகன் நல்லவன், சூரன் கெட்டவன், வேல் ஜெயித்தது’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய கதை. கச்சியப்பர் அப்படி முடிக்கவில்லை.

அவருடைய சூரபத்மன் கடுந்தவம் செய்தவன். 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடமே வாங்கியவன். தவத்தில் குறையில்லை, கிடைத்த பலத்தை வைத்து என்ன செய்தான் என்பதில்தான் குறை. தேவர்களை எடுபிடி வேலை செய்ய வைத்தான். இந்திரன் மகன் சயந்தனைச் சிறையில் அடைத்தான்.

அப்படியானால் தேவர்கள் சொக்கத்தங்கமா? அதுவும் இல்லை. இத்தனை துன்பம் அவர்களுக்கு ஏன் வந்தது என்பதற்குக் கடைசிக் காண்டமான தட்ச காண்டம் பதில் சொல்கிறது. சிவனை ஒதுக்கிவைத்துத் தட்சன் நடத்திய வேள்விக்குப் போய் உட்கார்ந்தார்கள். அநியாயம் நடக்கும் சபையில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்ததற்கும் கணக்கு உண்டு.

அதேபோல, அசுரர் பக்கத்திலும் நியாயம் பேச ஆள் இருந்தது. வீரபாகு தூது வந்து போன பிறகு, ‘தேவர்களை விட்டுவிடு’ என்று அண்ணனிடம் எடுத்துச் சொல்கிறான் தம்பி சிங்கமுகன். சூரன் கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்தே, அண்ணனுக்காகப் போர்க்களம் போய் மடிகிறான் தம்பி. கும்பகர்ணனும் கர்ணனும் போன அதே வழி. காஞ்சி வட்டாரக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்தில் கர்ண மோட்சத்துக்கு இன்றும் ஜனங்கள் கண் கலங்குவது இதனால்தான். பாசத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாத குடும்பம் ஏது?

போரின் உச்சத்தில் முருகன் தன் விஸ்வரூபத்தைக் காட்டுகிறான். சூரனுக்கு ஒரு கணம் எல்லாம் புரிகிறது. பாலன் என்று நினைத்தோமே என்று உருகுகிறான். அந்த உருவம் மறைந்ததும் பழைய ஆணவம் திரும்பிவிடுகிறது. ஆங்கிலக் கவி மில்டன் 1667-ல் வெளியிட்ட ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் வரும் சாத்தானும் இப்படித்தான். திருந்திவிடலாமா என்று யோசிக்கிறான். தலைவணங்க கௌரவம் இடம் தரவில்லை. இருவருக்கும் நல்லது எது என்று தெரிந்தே இருந்தது.

அதன் பிறகு வழி பிரிகிறது. மில்டனின் சாத்தானுக்கு மீட்சி இல்லை. சூரனோ கடலில் மாமரமாக நிற்கிறான். வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் சீறி வருகிறது. முருகன் பார்வை பட்டதும் சீற்றம் அடங்குகிறது. மயில் வாகனமாகிறது, சேவல் கொடியேறுகிறது. அத்தனை தீமை செய்த அதே பலம், இப்போது சாமியைச் சுமக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக இந்தப் புராணத்தைப் படித்துப் பொருள் சொல்லிவருகிறார்கள். ஐப்பசியில் கந்தசஷ்டி வரும்போது ஊர்தோறும் சூரசம்ஹாரம் நடக்கும். தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தை, ‘சூரன் எங்கே போனான்?’ என்று கேட்டால், ‘செத்துப்போனான்’ என்று சொல்ல வேண்டாம். முருகன் ஏறி நிற்கும் மயிலைக் காட்டினால் போதும்.