நூலுக்குப் பொன்னாடை, வரைவுக்கு யார் துணை?

நம் நாட்டில் ஒரு நூல் வெளிவந்துவிட்டால் அதற்கு உறவினர் பலர். தலைமையுரை, வாழ்த்துரை, நூலாய்வு, பொன்னாடை, மாலை, முதல் நூலைப் பெறும் செல்வர், மொய் எழுதுவதுபோல் உறையில் பணம் வைத்து நூல் வாங்கும் நண்பர் என்று மண்டபமே நிறைகின்றது. அந்நூல் அடித்தலும் திருத்தலுமாகப் பாதி வழியில் நின்று தவித்த நாளில் இவர்களுள் ஒருவரேனும் அருகிருந்ததுண்டா? எழுத்தாளர் அமைப்புகளின் ஆற்றல் பெரும்பாலும் முடிந்த நூலுக்கே செலவாவதைக் குறையென்றே கூறுவேன்.

எழுத்து ஒரு தனிமைத் தவம். அதில் பிறர்க்கு என்ன வேலை என்று கேட்பார் உளர். எழுதும் நேரம் தனிமைக்குரியதே. ஆனால் முதல் வரைவின் இடர் வேறு வகையானது. தன் மனத்தில் உள்ளதெல்லாம் தாளில் வந்துவிட்டதாக எழுதியவன் நம்புகின்றான். தோட்டத்துத் தாய் தன் மகனை ஏன் நகருக்கு அனுப்பினாள் என்பது அவனுக்குத் தெரியும். தாளில் அது இராது. எத்தனை முறை படித்தாலும் விடுபட்டதை அவன் மனமே நிரப்பிக்கொள்ளும். இன்னொருவர் கண்ணுக்குத்தான் அந்த ஓட்டை புலப்படும்.

அதனினும் பெரிய இடர் சோர்வு. நான்காம் பக்கத்தில் கதை நின்றுவிட்டால், தனக்கு எழுத்து வராது என முடிவு கட்டித் தாள்களைப் பெட்டியில் போட்டு மூடுவோர் எத்தனை பேர்! இத்துறையில் உழன்ற தோழர் ஒருவர், “எனக்கும் அங்கேதான் நிற்கும்; அந்தத் தாயைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்” என்று கேட்டால் ஐந்தாம் பக்கம் பிறக்கும். அறிவுரைகூட வேண்டியதில்லை, கேட்க ஒரு செவி போதும்.

இது நமக்குப் புதிதன்று. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ இதழில் நடத்திய கதை வகுப்பு, எழுதப் பழகாத இளைஞரைக் கைப்பிடித்து நடத்தியது. பின்னர் அவ்விதழின் ஆசிரியப் பணிக்குத் தமிழகத்திலிருந்து வந்த கு. அழகிரிசாமி, இங்கிருந்த காலத்தில் எழுத்தாளரை இலக்கிய வட்டமாகக் கூட்டினார். தோழமையின் பயனை அறிந்தவர் அவர். இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரில் அவரும் கி. ராஜநாராயணனும் இளமை முதல் நண்பர்கள். பிரிந்திருந்த நாளில் கடிதங்களில் இலக்கியம் பேசியவர்கள். அவ்வூர் இருவருக்கும் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. நட்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று கூற நான் பேதையல்லேன். நட்பு அவர்கள் எழுத்துக்கு இடையூறாயிற்று என்று எவரும் கூறவும் முடியாது.

1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. புதியவர்க்குக் கதவு திறந்த இடங்களுள் ஒன்று குறைந்தது. அப்பொறுப்பில் ஒரு பகுதியேனும் இனி நம் தோள்மீதே விழுகின்றது.

வட்டம் என்றால் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் கூட்டமாகிவிடும் என்னும் அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. “அருமை” என்னும் ஒரு சொல் வரைவைக் கொல்வதுபோல் வசவுகூடக் கொல்வதில்லை. மற்றொரு தீங்கும் உண்டு: மூத்தவர் தம் நடையை இளையவர் தாளில் ஏற்றிவிடுவது. எங்கே புரியவில்லை, எங்கே கவனம் சிதறியது என்று சொல்வதோடு கேட்பவர் நின்றுகொள்ள வேண்டும். வாக்கியத்தைத் திருத்துவது எழுதியவர் உரிமை.

செராசில் வாழும் எழுத்தாளர்க்குத் தொலைவு முன்பு ஒரு சாக்காக இருந்தது. 2017 முதல் எம்.ஆர்.டி. இரயில் செராசின் ஊடே ஓடுகின்றது. தாமான் மிடாவில் ஏறி முசியம் நெகாராவில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடைதூரம். அங்கிருந்து இங்கு வருவதும் அத்துணை எளிது. விழாவுக்குக் கூடும் நூற்றுவர் இதற்கு வேண்டா, ஐவர் போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒருவர் வீட்டுக் கூடம். முடியாத படியையே கொண்டுவர வேண்டும். தேநீர்ச் செலவை அவரவர் ஏற்கலாம்.