தஞ்சோங் ரம்புத்தானுக்கு இரண்டு மட்டக்குதிரைகள்

"இவனைத் தஞ்சோங் ரம்புத்தானில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்ற பேச்சு மலேசியா முழுக்கப் புழங்குகிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லார் வாயிலும் வருகிற பேச்சு. ஈப்போவை ஒட்டிய அந்தச் சிற்றூரில் 1911-இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று முதல் ஊரின் பெயரே வசவாகிவிட்டது. மருத்துவமனைக்கு இன்றைய பெயர் பகாகியா உலு கிந்தா. பகாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆன பிறகும் வசவு மட்டும் அப்படியே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. சட்டம் இரங்கிவிட்டது, ஊர்வாய் இன்னும் இரங்கவில்லை. அங்கே தேறி வருபவர்களுக்கு மாத்திரையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. தங்களைப் பற்றி எந்த முன்முடிவும் இல்லாத ஒரு துணைதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்தத் துணையை மட்டக்குதிரைகளால் தர முடியும், சிகிச்சையோடு சேர்த்து அதை முறையாகத் தரவும் வேண்டும் என்பது என் வாதம்.

குதிரையின் அருகில் நிற்பது மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். பின்பக்கமாகப் போகக் கூடாது. தோள் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். கழுத்தில் கைவைத்து, பிரஷ்ஷை முடி படிந்த திசையிலேயே முதுகு வரை இழுக்க வேண்டும். கை பதறினால் குதிரையின் தோல் ஈயை உதறுவதுபோல் துடிக்கும், தலை உயரும், மூக்குத்துளை விரியும். கை நிதானப்பட்டால் ஒரு காது நம் பக்கம் திரும்பும். பிறகு தலை தாழும், கீழுதடு தளரும், பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வாக நிற்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. குதிரை இரையாகப் பிறந்த பிராணி. ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கக்கூடிய கண்கள் அதற்கு உண்டு; அருகில் நிற்பவரின் பதற்றத்தைக் கவனிப்பது அதன் உயிர்காப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோபமுகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத்துடிப்பு விரைவாக ஏறியது என்று 2016-இல் எழுதினார்கள். தன் மனம் தன் பேச்சைக் கேட்காது என்று நம்பிப் பழகிவிட்ட ஒருவருக்கு, தான் மூச்சை மெதுவாக்கியதால் இருநூறு கிலோ எடையுள்ள ஓர் உயிர் அமைதியாவதைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய செய்தி!

மனநோய்க்கும் விலங்குத் துணைக்கும் உள்ள உறவு புதிதும் அல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796-இல் திறந்த மனநல இல்லத்தில், சங்கிலிக்குப் பதிலாகத் தோட்டமும் முயல்களும் கோழிகளும் இருந்தன. குதிரைக்கு இந்த இடம் கிடைத்தது டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலால். 1944-இல் இளம்பிள்ளைவாதம் தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். சிகிச்சைக் குதிரையேற்றம் உலகெங்கும் பரவ அது தூண்டுகோலாயிற்று. சிங்கப்பூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் 1982-இலேயே தொடங்கிவிட்டது. தஞ்சோங் ரம்புத்தானிலும் முற்காலத்தில் விவசாய வேலை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இருந்தது. கைக்கு வேலையும் கண்ணுக்குப் பச்சையும் மனத்தை ஆற்றும் என்று அந்தக் கால மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஆட்களின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, பால்மரம் வெட்டிய நேரம் போக மாடும் ஆடும் வளர்த்தன. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது அவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோவிலையாவது சிலரால் பெயர்த்துக் கொண்டுபோக முடிந்தது. மாட்டுக்கொட்டகையை நான்காவது மாடிக்கு ஏற்ற முடியவில்லை. விடியலில் ஓர் உயிருக்குத் தீனி வைத்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்துத் தொடங்கிய நாள்கள் அத்தோடு முடிந்தன. இன்றைய மனச்சோர்வுக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாட்டின் சுகாதார ஆய்வில், மனச்சோர்வுள்ள பெரியவர்களின் விகிதம் 2019-இல் 2.3 சதவீதமாக இருந்தது 2023-இல் 4.6 சதவீதமானது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்கள் அத்தனை பேருக்கும் உட்கார்ந்து பேசி ஆற மொழி வாய்ப்பதில்லை. ஆலோசகர் முன் நாற்காலியில் வாயடைத்துப் போகிறவருக்குப் பேசாமலே பழகக்கூடிய துணை வேண்டும்.

இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்பார்கள். அது வலுவான எதிர்ப்பு, மழுப்பக் கூடாதது. 2014-இல் மைக்கேல் அனெஸ்டிஸும் சகாக்களும் குதிரை சார்ந்த மனநலச் சிகிச்சைகள் பற்றிய 14 ஆய்வுகளைச் சல்லடை போட்டுப் பார்த்து, எல்லாவற்றிலும் குறை கண்டார்கள்; சிகிச்சை என்று விற்பதற்கு இவை போதாது என்றார்கள். அடுத்த ஆண்டே கொலராடோவிலிருந்து கவனமான ஆய்வு ஒன்று வந்தது. ஆட்டிசம் உள்ள 127 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு பத்து வாரம் குதிரையோடு பழகியது; மற்றது அசல் அளவுள்ள பொம்மைக் குதிரையை வைத்துக் குதிரையைப் பற்றிப் படித்தது. உயிருள்ள குதிரையோடு இருந்த பிள்ளைகளிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன. ஆட்டிசத்தில் கண்டது மனச்சிதைவுக்கும் பொருந்தும் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. ஆகவே நான் கேட்பது மருந்துக்கு மாற்றை அல்ல. நோயைக் குதிரை குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாத்திரையை நிறுத்தச் சொன்னால் ஓடிவிடுங்கள். நான் கேட்பது ஆறுதலை. இசையையும் கைத்தொழிலையும் எந்த அடிப்படையில் மருத்துவமனைக்குள் விட்டோமோ அதே அடிப்படையில் கேட்கிறேன். ஆதாரம் குறைவு என்றால், நூறாண்டு அனுபவமும் மனநல மருத்துவர்களும் உள்ள ஓர் இடத்தைவிட அதைத் திரட்ட ஏற்ற இடம் எது?

செலவு, வெயில், ஆபத்து என்ற தடைகளும் உண்டு. குதிரை மலிவான பிராணி இல்லை, உண்மைதான். ஈப்போவின் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் திறனே போய்விடும். அது அவற்றுக்கு உயிராபத்து. அதனால்தான் உயரமான பந்தயக் குதிரைகளை விட்டு மட்டக்குதிரைகளைச் சொல்கிறேன். இந்தோனேசியாவின் பாத்தாக், சும்பா போன்ற சிறு இனங்கள் இந்த வெப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவை. காலை ஏழு முதல் ஒன்பது வரை, நிழலில், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நிற்க, தேய்ப்பதும் தீனி வைப்பதும் தலைக்கயிறு பிடித்து நடத்துவதும் போதும். ஏறவே வேண்டாம். நோய் முற்றிய நிலையில் இருப்பவரும் குதிரையைக் கண்டு அஞ்சுபவரும் விலகி இருக்கட்டும். யாருக்கு எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். குதிரை கூட்டத்தில் வாழும் உயிர் என்பதால் ஒன்றைத் தனியே கட்டிவைப்பது கொடுமை. குறைந்தது இரண்டு வேண்டும்.

குதிரை என்றாலே சூதாட்டம் என்ற வெறுப்பு நம் வீடுகளில் உண்டு. சம்பள நாளில் பந்தயத் திடலில் கூலியைத் தொலைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வெறுப்பு நியாயமானது. அது பந்தயச் சீட்டின் மேல் இருக்கட்டும். ஐயனார் கோவிலில் நாம் வணங்கி நிற்கும் பிராணியும் அதுதானே. பந்தயத்தின் காலமும் மங்கி வருகிறது. சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-இல் ஓடி முடிந்தது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் அதே ஆண்டில் கலைப்பு முடிவை எடுத்தது. ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப்பைச் சுற்றிக் குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள், லாடம் அடிப்பவர்கள், குதிரையைப் பராமரிக்கும் சைஸ் வேலையில் பழுத்தவர்கள் இருக்கிறார்கள். திடல் மூடினால் கைப்பழக்கமாக வந்த அந்த அறிவும் கலைந்துபோகும். பிறகு எத்தனை லட்சம் ரிங்கிட் ஒதுக்கினாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சுகாதார அமைச்சும் பேராக் மாநில அரசும் ஆறு மாதத்துக்கு ஒரு முன்னோட்டம் நடத்திப் பார்க்கட்டும். இரண்டு மட்டக்குதிரைகள், அனுபவமுள்ள ஒரு சைஸ், ஒரு மனநல மருத்துவர், தேறிவரும் பன்னிரண்டு பேர். முன்னும் பின்னும் அளந்து, முடிவு எதுவானாலும் வெளியிடட்டும். மருத்துவமனை இங்கே இருக்கிறது, குதிரை தெரிந்த கைகளும் இங்கேயே இருக்கின்றன. ஈப்போ பந்தயத் திடலிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை வாசலுக்குக் காரில் போக அரை மணி நேரம்தான் ஆகும்.