கப்பு நாட்ட ஆளில்லாதபோது

மன்னாரிலே வளவுக்குள் ஒரு கொட்டில் போடுவதென்றால் முன்னாளில் அயலவர் கூடிவிடுவர். நால்வர் தூக்க, இருவர் கயிறு பிடிக்க, ஒருவர் தள்ளி நின்று சரிவு சொல்லக் கப்பு கிடங்கில் இறங்கும். சரிவு சொன்னவருக்கும் தேநீர் உண்டு. இன்றோ பிள்ளைகள் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழ, வளவில் எஞ்சி நிற்பவர் ஓய்வுபெற்ற தந்தையார் ஒருவரே. "ஒரு கப்புத்தானே!" என்று அவர் தனியே எழுந்துவிடுகின்றார். அவர் பொருட்டே இவ்வாரம் எழுதுகின்றோம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் இதிற் பயனுண்டு.

பாலைமரம் நீரில் அமிழுமளவு கனமுடையது. 12 அடி நீளமும் ஆறங்குலச் சதுரமுமான பாலைக்கப்பு ஏறத்தாழ 90 கிலோ நிறுக்கும். ஆயினும் ஒரு நுனியை மட்டும் கிளப்பப் பாதி எடை போதும். ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. நுனிக்குத் தோள் கொடுத்தவர், அடிமரத்தை நோக்கி நடந்தபடியே நிமிர்த்தலாமென எண்ணுவார். கப்பு நிமிர நிமிரப் பாரம் குறைவது மெய்யே. ஆனால் தோள் அடிமரத்தை நெருங்க நெருங்க நெம்புகோலின் நீளமும் குறைகின்றதன்றோ? இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 45 பாகைச் சரிவிலேதான் பளு உச்சமடையும். ஐந்தடி உயரத்தில் தோள் கொடுப்பவர் 12 அடிக் கப்பின் எடையில் ஐந்தில் மூன்று பங்கை அங்கே தாங்க வேண்டும். 20 அடிக் கப்பாயின் முழு எடையையும் தாங்க வேண்டும். அவ்விடத்தில் மேலே தள்ளவும் இயலாது, விட்டு விலகவும் இயலாது.

ஆதலின் தோளை நம்பாமல் முட்டுக்களை நம்புதல் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் எட்வர்ட் லீட்ஸ்கால்னின் என்னும் லத்விய நாட்டவர், 1951இல் மறையும்வரை, பல தொன் எடையுள்ள கற்களைத் தனியொருவராய் நிறுத்திவந்தார். மந்திரமென்றனர் சிலர். மரங்கள் மூன்றைக் கூட்டிக் கட்டிய முக்காலியும் சங்கிலிக் கப்பியும் பழைய படங்களில் தெளிவாகவே தெரிகின்றன!

நமது வளவில் அவ்வளவும் வேண்டியதில்லை. கிடங்கை மூன்றடி ஆழம் தோண்டி, கப்புக் கிடக்கும் பக்கத்தைச் சரிவாக வெட்டுக. எதிர்ச்சுவரில் ஒரு பலகையை நிறுத்துக. அடிமரம் அப்பலகையில் முட்டி வழுக்கி இறங்கும்; மணலும் இடியாது. தோண்டுமுன் நீர் தெளித்தால் மணல் இன்னும் இறுகும். நுனியை முழங்கால் உயரம் தூக்கிக் கட்டையிடுக. பின்னர் இடுப்பளவு, அதன்பின் கவைத்தடி. ஒவ்வொரு நிலையிலும் பாரம் முட்டிலே தங்குதல் வேண்டும்.

இதற்கு மேல் கயிறே தூக்கட்டும். கிடங்குக்கு அப்பால் நல்ல பனையொன்று நின்றால், அதன் உயரத்தில் இரட்டைக் கப்பியைக் கட்டி, கயிற்றின் முனையைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திழுக்கலாம். கை தளர்ந்தாலும் சுற்று பிடித்துக்கொள்ளும். வள்ளங்கட்டும் நம் கடற்றொழிலாளருக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. இழுப்பவர் கப்பின் நீளத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்பாராக.

பலர் மறப்பது பின்கயிற்றை. நிமிர்ந்த கப்பு நின்றுவிடாது, எதிர்ப்புறம் சாயும். கப்பு நேரானவுடன் விறைக்குமாறு அளந்து, பின்கயிற்றையும் இரு பக்கக் கயிறுகளையும் முன்னரே கட்டுதல் வேண்டும். தீவின் மணலில் அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு கட்டையைக் குறுக்காக ஆழப் புதைத்து அதிலே கட்டுவதே உறுதி.

காற்றையும் எண்ணுக. 2020இல் இத்தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவியது சும்மாவா? சோளகம் வீசும் நாளில் கப்பைத் தொடாதிருத்தலே நன்று. தனியே நாட்டுவது தகும். கூப்பிட்ட குரலுக்கு ஒருவருமில்லாத வளவில் நாட்டுவது தகாது.

நின்ற கப்பைத் தூக்குக்குண்டால் நேர்பார்த்து, மண்ணை அரையடி அரையடியாய் இட்டு இடிக்க வேண்டும். வளை ஏறும்வரை கயிறுகளை அவிழ்க்கலாகாது. அவற்றில் துணி உலர்த்த வேண்டாமென்று வீட்டிலுள்ளோர்க்கும் சொல்லிவைப்பது நலம்.